10 இன்ச், 12 இன்ச் வூஃபர் இரண்டையும் ஒரே மோனோ ஆம்பில் இணைக்கலாமா? புரொடெக்ட் விளக்கு எரிகிறது

தாமிரபரணிக்கரை | திருநெல்வேலி

வணக்கம் நண்பர்களே. என்னிடம் 2014 மாடல் ஸ்விஃப்ட் இருக்கிறது. முன்பு வைத்திருந்த ஆல்ட்டோவில் ஒரு 10 இன்ச் வூஃபர் (பேஸ் ஸ்பீக்கர்) போட்டிருந்தேன். கடையில் ரெடிமேடாகக் கிடைக்கும் போர்ட் (காற்றுக்குழாய்) வைத்த பாக்ஸ். போன மாதம் நண்பர் ஒருவர் வண்டியை விற்றபோது அவருடைய 12 இன்ச் வூஃபரை முழுக்க மூடிய சீல்டு பாக்ஸோடு வாங்கிக்கொண்டேன். 18 மி.மீ. எம்டிஎஃப் பலகையில் தச்சர் செய்த பாக்ஸ், இரண்டு பேர் சேர்ந்துதான் டிக்கியில் தூக்கி வைத்தோம். ஆம்ப் மோனோ (ஒரே சேனல்), கிளாஸ் டி, புதிது.

கடையில் இரண்டையும் ஒன்றாக இணைத்துக் கொடுத்தார்கள். எல்லா பிளஸ்ஸும் ஒரு பக்கம், எல்லா மைனஸும் ஒரு பக்கம். "ஒன்றும் ஆகாது, ஓட்டுங்கள்" என்றார்கள். பாளையங்கோட்டை தாண்டுவதற்குள் பேஸ் நின்றுவிட்டது. டிக்கியைத் திறந்தால் ஆம்பில் சிவப்பு விளக்கு, மேல்தகட்டில் கை வைக்க முடியவில்லை. அரை மணி நேரம் ஆறிய பிறகு மறுபடி பாடுகிறது, பத்து நிமிடத்தில் மறுபடி நிற்கிறது.

ஆம்ப் பழுதா? மாற்றித் தரச் சொல்லலாமா? உறுமியும் தவிலும் வரும் பாட்டுகளை நெஞ்சில் இறங்குகிற மாதிரி கேட்க வேண்டும் என்பது ரொம்ப நாள் ஆசை. தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

---

மீட்டர்_கை | திருச்சி

ஆம்ப் பழுதில்லை என்றே நினைக்கிறேன். சிவப்பு விளக்கு எரிந்தது நல்லதுதான், அது தன்னைக் காப்பாற்றிக்கொண்டது. இனி அந்த இணைப்பில் ஒரு தடவைகூட ஓட்டாதீர்கள்.

மூன்று விவரம் வேண்டும். ஆம்பின் அடித்தகட்டில் 4 ஓமுக்கு எத்தனை வாட், 2 ஓமுக்கு எத்தனை வாட், குறைந்தபட்ச ஓம் எவ்வளவு என்று போட்டிருக்கும். அப்புறம் வூஃபர்களின் மேக்னட் ஸ்டிக்கரில் ஆர்எம்எஸ் வாட், அதாவது தொடர்ந்து தாங்கும் வாட், எவ்வளவு என்று பாருங்கள். கொட்டை எழுத்தில் 1000, 1400 என்று போட்டிருப்பது உச்ச வாட், அதை விட்டுவிடுங்கள். மூன்றாவது, எல்லா வயரையும் கழற்றிவிட்டு மல்டிமீட்டரை ஓமில் வைத்து வூஃபருக்குள் இருக்கும் ஒவ்வொரு காயிலையும் (கம்பிச்சுருள்) தனித்தனியாக அளந்து பாருங்கள். 12 இன்ச்சில் நான்கு டெர்மினல் இருந்தால் அது டபுள் காயில். மாடல் பெயர் எஸ்4, டி4, டி2 என்று முடிந்தால் அதிலேயே விஷயம் இருக்கிறது: எஸ் என்றால் ஒற்றைக் காயில், டி என்றால் இரட்டை, எண் ஒவ்வொரு காயிலின் ஓம்.

---

தாமிரபரணிக்கரை

அளந்துவிட்டேன் அண்ணா.

10 இன்ச்: இரண்டு டெர்மினல், மீட்டரில் 3.4. ஸ்டிக்கரில் 4 ஓம், ஆர்எம்எஸ் 200.
12 இன்ச்: நான்கு டெர்மினல், ஒரு பக்கம் 3.6, இன்னொரு பக்கமும் 3.6. ஆர்எம்எஸ் 400.
ஆம்ப்: 4 ஓமில் 300, 2 ஓமில் 500. "குறைந்தபட்சம் 2 ஓம்" என்று தெளிவாகப் போட்டிருக்கிறது.

4 ஓம் என்று போட்டுவிட்டு 3.4 காட்டுகிறதே, காயில் தேய்ந்துவிட்டதா?

---

மீட்டர்_கை

தேயவில்லை. மீட்டர் காட்டுவது கம்பியின் நேர்மின்தடை. 4 ஓம் வூஃபர் 3.2 முதல் 3.7 வரை காட்டுவது சகஜம். பாட்டு ஓடும்போது ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் இம்பீடன்ஸ் (சிக்னலுக்கு வூஃபர் காட்டும் தடை) மாறிக்கொண்டே இருக்கும், 4 என்பது கணக்குக்கு வைத்துக்கொண்ட எண்.

உங்களுக்குக் கடையில் போட்ட கணக்கு இது. மூன்று காயில், ஒவ்வொன்றும் 4 ஓம், மூன்றும் பேரலல் (பிளஸ் பிளஸ்ஸோடு, மைனஸ் மைனஸோடு). 4-ஐ 3-ஆல் வகுத்தால் 1.33 ஓம். 2 ஓமுக்குக் கீழே போகாதே என்று எழுதியிருக்கும் ஆம்புக்கு 1.33 கொடுத்திருக்கிறார்கள். கரன்ட் ஒன்றரை மடங்கு இழுக்கிறது, சூடாகிறது, நிறுத்திக்கொள்கிறது.

---

ரிங்ரோடு | மதுரை

அப்படியென்றால் சீரீஸில் (ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து) போட்டுவிட வேண்டியதுதானே? மூன்று காயிலும் சீரீஸ் என்றால் 12 ஓம். ஆம்ப் குளுகுளுவென்று இருக்கும். சத்தம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

---

கோவை_காயில் | கோயம்புத்தூர்

ரிங்ரோடு தம்பி, ஆம்ப் குளிர்ச்சியாக இருக்கும் என்பது சரி. ஆனால் ஒரே மாதிரி இரண்டு வூஃபருக்குச் சரியாக வருவது, வேறு வேறு வூஃபருக்கு வராது. சீரீஸில் எல்லாக் காயிலிலும் ஒரே கரன்ட் ஓடும். எந்த வூஃபரின் இம்பீடன்ஸ் அந்த நேரத்தில் அதிகமோ அது வோல்டேஜை அதிகம் பிடுங்கிக்கொள்ளும். ஒவ்வொரு வூஃபருக்கும் அதன் ரெசனன்ஸ் அதிர்வெண்ணில் (அது இயல்பாகவே அதிரும் இடம்) இம்பீடன்ஸ் மேலே ஏறும். 4 ஓம் வூஃபர் அங்கே 20, 30 ஓமுக்கும் போகும். 10 இன்ச்சுக்கு அந்த மேடு ஓரிடம், 12-க்கு வேறிடம், போர்ட் பாக்ஸ் என்றால் மேடே இரண்டு. ஆக, பாட்டின் ஒரு சுருதியில் 10 இன்ச் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளும், அடுத்த சுருதியில் 12 எடுத்துக்கொள்ளும். ஒன்றின் அசைவு இன்னொன்றைக் கெடுக்கும். வேறு வேறு வூஃபரை சீரீஸில் போடுவதை நான் எப்போதும் தடுப்பேன்.

இப்போது நெல்லை நண்பருக்கு. நான் இருபது வருடமாகப் பாக்ஸ் அடிக்கிறேன். உங்கள் கேள்வி வாரம் ஒரு முறை என் பட்டறைக்கு வரும், அதனால் பொறுமையாக எழுதுகிறேன்.

உங்கள் 2 ஓம் ஆம்புக்குத் தோதான இணைப்பு ஒன்று இருக்கிறது. 12 இன்ச்சின் இரண்டு காயிலையும் தங்களுக்குள் சீரீஸ் செய்தால் 8 ஓம். அதைப் 10 இன்ச்சின் 4 ஓமோடு பேரலல் செய்தால் 8-ஐ 4-ஆல் பெருக்கி 12-ஆல் வகுக்க வேண்டும், 2.67 ஓம். ஆம்ப் சந்தோஷமாக ஓடும். எந்தக் கடையில் கேட்டாலும் இதைத்தான் சரி என்பார்கள்.

இனிமேல்தான் விஷயம். பேரலலில் இரண்டு வூஃபருக்கும் ஒரே வோல்டேஜ். உங்கள் ஆம்ப் 2.67 ஓமில் சுமார் 33 வோல்ட் கொடுக்கும் என்று வைத்துக்கொள்வோம். வாட் என்பது வோல்டேஜின் வர்க்கத்தை ஓமால் வகுப்பது. 33-ஐ 33-ஆல் பெருக்கினால் 1089.

10 இன்ச்சுக்கு: 1089 வகுத்தல் 4, அதாவது 272 வாட். அது தாங்குவது 200.
12 இன்ச்சுக்கு: 1089 வகுத்தல் 8, அதாவது 136 வாட். அது தாங்குவது 400.

பாருங்கள், சின்னவனுக்கு இரண்டு பங்கு, பெரியவனுக்கு ஒரு பங்கு. ஆம்ப் பிழைக்கும், 10 இன்ச் சாகும், 12 இன்ச் பாதித் தூக்கத்தில் கிடக்கும். ஓம் கணக்கு சரியாக வந்ததும் வேலை முடிந்ததென்று எல்லோரும் டிக்கியை மூடிவிடுகிறார்கள். அந்தக் கணக்கு ஆம்பின் உயிருக்கு மட்டும். வூஃபருக்கு எவ்வளவு போகிறது என்பது தனிக் கணக்கு, பாக்ஸில் அது எப்படி அசைகிறது என்பது மூன்றாவது கணக்கு.

---

தாமிரபரணிக்கரை

மிகவும் நன்றி அண்ணா, இப்படி யாரும் எண் போட்டுக் காட்டியதில்லை. இன்னொரு யோசனை. 12 இன்ச்சில் ஒரு காயிலை மட்டும் பயன்படுத்தினால் 4 ஓம் ஆகிவிடுமே? 10-ன் 4 ஓமோடு பேரலல், சரியாக 2 ஓம். ஆளுக்கு 250 வாட்.

---

மீட்டர்_கை

மின்சாரப்படி ஓடும். ஆனால் 400 வாட் என்பது இரண்டு காயிலும் சேர்ந்து தாங்குவது. ஒற்றைக் காயில் 200-தான் தாங்கும், நீங்கள் 250 கொடுப்பீர்கள். அதோடு கோனை ஆட்டும் மோட்டாரின் (மேக்னட்டும் காயிலும்) பிடி பாதியாகிவிடும். க்யூ எண் (கோனின் ஆட்டம் எவ்வளவு அடங்காமல் இருக்கும் என்பது) ஏறி, அந்த சீல்டு பாக்ஸில் பேஸ் இறுக்கமில்லாமல் கொழகொழவென்று கேட்கும். இன்னும் சிலர் 12-ன் ஒரு காயிலை 10 இன்ச்சோடு சீரீஸ் செய்து, மற்றக் காயிலைத் தனியாகப் பேரலல் செய்வார்கள். அதுவும் 2.67 வரும். அதைச் செய்யவே செய்யாதீர்கள். ஒரே கோனில் (வூஃபரின் அசையும் முகப்பு) இருக்கும் இரண்டு காயிலுக்கும் ஒரே அளவு சிக்னல் போக வேண்டும்.

---

பழைய_ஸ்பீக்கர்காரர் | சென்னை

ரீகோன் வேலை (எரிந்த ஸ்பீக்கருக்குக் கோனும் காயிலும் மாற்றுவது) செய்பவன் என்ற முறையில் இதில் நான் ஒன்று சொல்ல வேண்டும். எரிந்த வூஃபரைப் பிரித்தால் யார் தப்பு என்று பார்த்தவுடனே தெரிந்துவிடும். வாட் அதிகமாகிச் செத்த காயில் முழுவதும் ஒரே மாதிரி கறுத்திருக்கும், பசை உருகி வளையங்கள் கழன்று நூல் மாதிரி தொங்கும். ஆட்டம் அதிகமாகிச் செத்ததில் காயிலின் அடி விளிம்பு நசுங்கியிருக்கும், பின்தகட்டில் போய் முட்டிய தடம். வேறு வேறு வூஃபரை ஜோடி போட்ட வண்டியிலிருந்து வருவதில் இரண்டு தடமும் சேர்ந்தே இருக்கும். போன வாரம் மேசையில் கிடந்த 10 இன்ச் அப்படித்தான். சின்னதைத்தான் எப்போதும் கொண்டுவருவார்கள், பெரியது வண்டியில் நன்றாக இருக்கும்.

ஓட்டும்போது டக் டக்கென்று ஒரு சத்தமோ, புது பெயின்ட் சூடான மாதிரி ஒரு வாசனையோ வந்தால் உடனே வால்யூமைக் குறைத்துவிடுங்கள். காயில் எரிவதற்கு முன்னால் அந்த வாசனை வரும்.

---

தாமிரபரணிக்கரை

நேற்று இரவு 2.67 ஓம் இணைப்பைப் போட்டு, கெயினைக் குறைத்துவைத்து ஓட்டிப் பார்த்தேன். ஆம்ப் சூடாகவில்லை. ஆனால் இரண்டு விஷயம் புரியவில்லை.

ஒன்று, பழைய_ஸ்பீக்கர்காரர் சொன்ன அதே டக் டக். உறுமி கீழ்ச்சுருதிக்கு இழுபடும் இடத்தில் மட்டும். டார்ச் அடித்துப் பார்த்தால் 10 இன்ச்சின் கோன் பயங்கரமாக முன்னும் பின்னும் போகிறது, 12 அசைவதே கண்ணுக்குத் தெரியவில்லை.

இரண்டு, இதுதான் அதிர்ச்சி. அந்தக் கீழ்ச்சுருதியில் பேஸ் குறைவாகக் கேட்கிறது. 10 இன்ச்சின் வயரை உருவிவிட்டால் அதிகமாகிறது! ஒரு வூஃபரை நிறுத்தினால் எப்படிச் சத்தம் கூடும்?

---

கோவை_காயில்

நான் மூன்றாவது கணக்கு என்று சொன்னேனே, அதுதான் இது. போர்ட் பைப்பின் உள் விட்டம், நீளம், பாக்ஸின் உள் கொள்ளளவு மூன்றையும் அளந்து சொல்லுங்கள். அதற்கு முன் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுவோம். ஒரு பென்சில் பேட்டரி, 1.5 வோல்ட், எடுத்து அதன் பிளஸ்ஸை வூஃபரின் பிளஸ்ஸிலும் மைனஸை மைனஸிலும் ஒரு நொடி தொடுங்கள். கோன் வெளியே வர வேண்டும். இரண்டு வூஃபருக்கும், 12-ன் இரண்டு காயிலுக்கும் தனித்தனியாகச் செய்யுங்கள். உள்ளே போனால் எங்கோ வயர் மாறியிருக்கிறது.

முடிந்தால் போனில் சத்தம் அளக்கும் ஆப் ஒன்றைப் போட்டு, ஓட்டுநர் சீட் ஹெட்ரெஸ்டில் போனை அசையாமல் வைத்து, 35, 40, 60, 80 ஹெர்ட்ஸ் டெஸ்ட் டோன்களை ஒவ்வொன்றாக ஓட்டி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். போன் மைக் கீழ்ச்சுருதியைக் குறைத்துத்தான் காட்டும், அதனால் 35-ஐயும் 80-ஐயும் ஒப்பிடாதீர்கள். இரண்டும் ஓடும்போது 35 எவ்வளவு, 12 மட்டும் ஓடும்போது 35 எவ்வளவு என்று பாருங்கள். வால்யூம் மிதமாக, எல்லா அளவுக்கும் ஒரே இடத்தில் இருக்கட்டும், கண்ணாடிகள் மூடியிருக்கட்டும்.

---

தாமிரபரணிக்கரை

பேட்டரி சோதனையில் மூன்று காயிலும் வெளியேதான் வந்தன. 10 இன்ச் பாக்ஸ்: போர்ட் உள் விட்டம் 7.5 செ.மீ., நீளம் 12 செ.மீ., உள் கொள்ளளவு கணக்கிட்டதில் சுமார் 30 லிட்டர். சத்தம் (டெசிபெல்):

இரண்டும் சேர்ந்து: 35-ல் 88, 40-ல் 93, 60-ல் 104, 80-ல் 103.
12 மட்டும், அதே 8 ஓம் சீரீஸ் இணைப்பில்: 35-ல் 93, 40-ல் 96, 60-ல் 99, 80-ல் 98.

---

கோவை_காயில்

நல்ல வேலை செய்திருக்கிறீர்கள், இந்த எட்டு எண்ணுக்குள் எல்லாம் இருக்கிறது.

உங்கள் போர்ட் அளவுக்குக் கணக்குப் போட்டால் அந்த பாக்ஸ் சுமார் 50 ஹெர்ட்ஸுக்கு ட்யூன் ஆகியிருக்கிறது. ரெடிமேட் பாக்ஸ் பலவும் இப்படித்தான், கடையில் கேட்டவுடனே தம் தம்மென்று இருக்க வேண்டும் என்று மேலே ட்யூன் செய்வார்கள். போர்ட் பாக்ஸில் ட்யூன் செய்த அதிர்வெண்ணில் கோன் கிட்டத்தட்ட அசையாது, போர்ட்தான் பாடும். அதற்குக் கீழே போனால் நிலைமை தலைகீழ். உள்ளே இருக்கும் காற்று கோனைத் தாங்காது, கோன் பின்னால் போகும்போது போர்ட் வழியாகக் காற்று வெளியே ஓடிவிடும். 35 ஹெர்ட்ஸில் நீங்கள் டார்ச் அடித்துப் பார்த்தது அதைத்தான். கோன் காட்டுத்தனமாக ஆடுகிறது, காற்று உள்ளே வெளியே போய்வருகிறது, சத்தம் வருவதில்லை. அதற்கு வாட்டில் இரண்டு பங்கு வேறு கொடுத்திருக்கிறோம்.

சத்தம் குறைந்ததற்குக் காரணம் ஒலியலையின் கட்டம் (ஃபேஸ்) திரும்புவது. சீல்டு பாக்ஸ் அதன் எல்லைக்குக் கீழே ஆக்டேவுக்கு 12 டெசிபெல் சரியும், போர்ட் பாக்ஸ் 24 டெசிபெல் சரியும். சரிவு கூடக் கூட ஒலியலையின் கட்டமும் அவ்வளவு திரும்பும். உங்கள் 35 ஹெர்ட்ஸில் 10 இன்ச் கொடுக்கும் கொஞ்சநஞ்சச் சத்தமும் 12 இன்ச்சுக்கு எதிர்க் கட்டத்தில் போகிறது. ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கிறது. 60-க்கு மேலே இரண்டும் ஒரே கட்டத்தில் இருப்பதால் அங்கே கூடுகிறது. நீங்கள் தேடும் உறுமி இருப்பது கீழே.

இந்த கணக்கெல்லாம் யாரோ கடைக்காரர் கண்டுபிடித்ததில்லை. ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961-ல் எழுதினார், 1970-களில் ரிச்சர்ட் ஸ்மால் அதை முழுமையாக்கினார். இன்றும் வூஃபரோடு வரும் தாளில் எஃப்எஸ், க்யூடிஎஸ், வாஸ் என்று அச்சடித்திருப்பது தீல் ஸ்மால் எண்கள்தான். அந்தத் தாளை யாரும் தூக்கிப் போடாதீர்கள்.

---

ரிங்ரோடு

அப்படியானால் 10 இன்ச்சின் பிளஸ் மைனஸை மட்டும் மாற்றிவிட்டால் எதிர்க் கட்டம் சேர் கட்டமாகிவிடுமே?

---

மீட்டர்_கை

35-ல் கூடும். 60-லும் 80-லும் இப்போது சேர்ந்திருப்பவை பிரிந்துவிடும். தவிலின் அடி இருக்கும் இடம் அது, காலியாகிவிடும்.

---

கிள்ளான்_காடி | மலேசியா

எல்லோருக்கும் வணக்கம். என் காடியிலும் (கார்) இரண்டு வேறு சப்வூஃபர்தான், ஆறு வருஷமாக ஓடுகிறது. ஆனால் ஒரே ஆம்பில் இல்லை. இங்கே எனக்குப் போட்டுக் கொடுத்த அண்ணன் முதல் நாளே சொல்லிவிட்டார்: ஒரு ஆம்ப் என்றால் ஒரு கெயின், ஒரு குரோஸ்ஓவர் (மேல் அதிர்வெண்ணை வெட்டுவது), ஒரு சப்சோனிக் ஃபில்டர் (மிகக் கீழ் அதிர்வெண்ணை வெட்டுவது). உனக்கு இரண்டு சப், இரண்டுக்கும் தேவை வேறு. ஒரே குமிழைத் திருப்பி இரண்டு பேரை எப்படிச் சமாதானம் செய்வாய் என்றார். அது அப்படியே மனதில் நின்றுவிட்டது. இந்த இழையில் வரும் பாக்ஸுக்கே பாருங்கள், 50-க்கு ட்யூன் ஆன போர்ட் பாக்ஸைக் காப்பாற்ற சப்சோனிக்கை 45 பக்கம் வைக்க வேண்டும். வைத்தால் 12-ன் ஆழமான பேஸும் அதோடு போய்விடும்.

---

நாலு_சேனல் | சேலம்

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். வேறு வேறு வூஃபர் போடவே கூடாது என்று யாரும் முடிவெடுத்துவிட வேண்டாம். என் இன்னோவாவில் போர்ட் பாக்ஸில் ஒரு 15, சீட்டுக்குப் பின்னால் சீல்டில் ஒரு 10. நான்கு சேனல் ஆம்ப். 1, 2 சேனலை பிரிட்ஜ் செய்து (இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து) 15-க்கு, 3, 4-ஐ பிரிட்ஜ் செய்து 10-க்கு. 15-ஐ 50 ஹெர்ட்ஸில் வெட்டிவிட்டேன், 10-ஐ 50 முதல் 90 வரை ஓடவிட்டேன். ஒன்று ஆழத்துக்கு, ஒன்று அடிக்கு. டிஎஸ்பி (ஒலியைத் திருத்தும் டிஜிட்டல் கருவி) இருப்பதால் 10-க்கு நேரத் தாமதமும் கொடுக்க முடிந்தது. எல்லைக்கோட்டில் இரண்டும் சேர்வதற்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். கேட்கக் கேட்க அலுக்கவில்லை.

பிரிட்ஜ் செய்பவர்கள் ஒன்று கவனியுங்கள். பிரிட்ஜ் செய்தால் ஒவ்வொரு சேனலும் வூஃபர் ஓமில் பாதியைத்தான் பார்க்கும். பல நான்கு சேனல் ஆம்புகளுக்கு பிரிட்ஜில் 4 ஓம்தான் கீழெல்லை. 2 ஓமுக்கு இறக்கிய டபுள் காயிலை அதில் மாட்டினால் நெல்லை நண்பரின் சிவப்பு விளக்கு கதைதான்.

---

கோவை_காயில்

இப்படிச் செய்தால் முழுக்க ஒத்துக்கொள்கிறேன். ஆளுக்கு ஒரு சேனல், ஆளுக்கு ஒரு பாக்ஸ், ஆளுக்கு ஒரு எல்லை. நெல்லை நண்பரிடம் இருப்பது ஒரே மோனோ. அதனால் என் ஆலோசனை: 10 இன்ச்சை வெளியே எடுங்கள். 12-ன் இரண்டு காயிலையும் பேரலல் செய்யுங்கள், 2 ஓம். உங்கள் ஆம்ப் அதற்கென்றே செய்தது. 8 ஓமிலிருந்து 2-க்கு வருவதால் அதே வோல்டேஜுக்கு 6 டெசிபெல் கூடும். நேற்று எடுத்த எண்களோடு 6-ஐக் கூட்டிப் பாருங்கள்: 99, 102, 105, 104. நான்கு இடத்திலும், இரண்டு வூஃபரும் சேர்ந்து கொடுத்ததைவிட அதிகம்.

---

மீட்டர்_கை

கெயினைக் காதால் வைக்காதீர்கள். 400 வாட் வூஃபர், 2 ஓம். இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 28.3 வோல்ட். வூஃபர் வயரைக் கழற்றிவிட்டு, பேஸ் பூஸ்ட்டை முழுக்க அணைத்து, ஈக்வலைசரைச் சமமாக்கி, செட்டின் வால்யூமை முக்கால் பங்கில் வைத்து, 50 ஹெர்ட்ஸ் டோனை ஓட்டுங்கள். ஆம்பின் ஸ்பீக்கர் டெர்மினலில் மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து 28 வரும் வரை கெயினைத் திருப்பி நிறுத்துங்கள். அந்தக் குமிழ் சத்தம் கூட்டுவதற்கல்ல, செட்டின் சிக்னலோடு ஆம்பைப் பொருத்துவதற்கு.

---

தாமிரபரணிக்கரை

கெயினை வைத்துவிட்டேன். 12 மட்டும் 2 ஓமில் பாடுகிறது. சொன்ன மாதிரியே, மிதமான வால்யூமில் 98, 102, 105, 103. நம்பவே முடியவில்லை.

ஆனால் சத்தமாக வைத்தால் ஒவ்வொரு அடிக்கும் டேஷ்போர்டு விளக்கு லேசாக மங்குகிறது. ஓடும்போது பேட்டரியில் 13.8 வோல்ட், ஆம்ப் டெர்மினலில் 12.1 காட்டுகிறது. வயர் கடையில் கொடுத்த 8 கேஜ் கிட்.

---

மீட்டர்_கை

வழியில் 1.7 வோல்ட் தொலைகிறது, அது ரொம்ப அதிகம். 500 வாட் கொடுக்க கிளாஸ் டி ஆம்ப் உச்சத்தில் 45 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். வயரின் ஒரு இழையைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் அலுமினியம், மேலே செம்பு முலாம்தான். அதுவும் ஒரு காரணம். ஆனால் முதலில் எர்த்தைப் பாருங்கள். அங்கேதான் முக்கால்வாசி பேர் கோட்டை விடுகிறார்கள்.

---

தாமிரபரணிக்கரை

எர்த்தேதான்! ஸ்டெப்னி பக்கத்தில் பாடியில் திருகியிருந்தார்கள். போல்ட்டைக் கழற்றினால் வாஷருக்கு அடியில் பெயின்ட் புத்தம் புதிதாக அப்படியே இருக்கிறது. திருகின் மரையில் மட்டும்தான் தொடர்பு. உப்புத்தாள் வைத்துப் பத்து ரூபாய் நாணய அளவுக்கு வெள்ளி மாதிரி மின்னும் வரை தேய்த்து, புது வளைய லக் போட்டு முறுக்கினேன். இப்போது ஆம்பில் 13.1. விளக்கு மங்குவது நின்றுவிட்டது. இழையைச் சுரண்டியதில் உள்ளே வெள்ளைதான், அதனால் அடுத்த மாதம் இதைவிடத் தடிமனான 4 கேஜ் முழுச் செம்பு வயர் வாங்கிவிடுகிறேன். பேட்டரிக்குப் பக்கத்தில் ஃபியூஸும் இல்லை, அதை இன்றைக்கே மாட்டிவிட்டேன்.

---

பழைய_ஸ்பீக்கர்காரர்

ஃபியூஸ் பேட்டரியிலிருந்து அரை மீட்டருக்குள் இருக்கட்டும். வயர் எஞ்சின் சுவரைக் கடக்கும் ஓட்டையில் ரப்பர் வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். தகட்டில் உரசி உறை கிழிந்தால் அந்த ஃபியூஸ் ஒன்றுதான் வண்டியைத் தீயிலிருந்து காப்பாற்றும். தேய்த்த எர்த் இடத்தைச் சுற்றிக் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள், துருப்பிடிக்காது.

---

தாமிரபரணிக்கரை

ரப்பர் வளையம் இருக்கிறது, பார்த்துவிட்டேன். கடைசியாக ஒன்று. 10 இன்ச்சை மச்சானின் வேகன்ஆருக்குக் கொடுக்கிறேன். அவரிடம் நான்கு சேனல் ஆம்ப், 3, 4 சேனல் சும்மா கிடக்கிறது. பிரிட்ஜில் 4 ஓமுக்கு 180 வாட் என்று போட்டிருக்கிறது. அப்படியே மாட்டலாமா? அந்த பாக்ஸின் டக் டக்கை எப்படிப் போக்குவது?

---

கோவை_காயில்

ஆம்பும் வூஃபரும் பொருத்தமான ஜோடி, 200-க்கு 180, ஓமும் சரி. டக் டக் போக வேண்டுமென்றால் போர்ட்டை நீளமாக்குங்கள். 30 லிட்டருக்கு 7.5 செ.மீ. உள் விட்டத்தில் 28.5 செ.மீ. பைப் போட்டால் 36 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். 12 செ.மீ. பைப்பைக் கழற்றிவிட்டு பிவிசி பைப் வாங்கி வெட்டிக்கொள்ளலாம். கடையில் 75 மி.மீ. என்று சொல்வது வெளி விட்டம், உள்ளே அதைவிடக் குறையும், அதனால் ஸ்கேலால் அளந்து வாங்குங்கள். பைப்பின் உள்முனைக்கும் பாக்ஸின் பின்பலகைக்கும் நடுவில் குறைந்தது ஒரு பைப் விட்டம் இடைவெளி வேண்டும். பாக்ஸ் அவ்வளவு ஆழம் இருக்கிறதா?

---

தாமிரபரணிக்கரை

உள் ஆழம் 31 செ.மீ.தான் அண்ணா. நேராக விட்டால் இடிக்கும்.

---

கோவை_காயில்

அப்போது நடுவில் ஒரு எல்போ போட்டு வளைத்துவிடுங்கள். எல்போவின் நடுக்கோட்டு நீளத்தையும் சேர்த்து 28.5 வர வேண்டும். சுற்றிலும் பசை நன்றாக இருக்கட்டும், காற்று கசிந்தால் புஸ்ஸென்று கேட்கும். முடித்த பிறகு 36 ஹெர்ட்ஸ் டோனை மெதுவாக ஓட்டி கோனைப் பாருங்கள், அங்கேதான் அசைவு மிகக் குறைவாக இருக்க வேண்டும். 38-லோ 34-லோ குறைந்தால் அதை எழுதுங்கள், பைப்பில் எவ்வளவு வெட்டுவது, எவ்வளவு கூட்டுவது என்று சொல்கிறேன்.

---

தாமிரபரணிக்கரை

ஞாயிற்றுக்கிழமை மச்சான் வண்டியைக் கொண்டுவருகிறார். அளந்துவிட்டு அன்றைக்கே எழுதுகிறேன்.